குராரேயும் ஹிஸ்டமினும்

அமேசான் பழங்குடியினர் அம்பு முனையில் தடவிய குராரே, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சு. ஒவ்வாமையின்போது உடலில் வெளிப்படும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளையும் அது வெளிக்கொணரும் என்பது அறுவை அரங்குக்குள் வருமுன்பே தெரிந்த செய்தி. கெய்ரோவில் ஆன்ரெப்பும் அவரது குழுவினரும் 1939இல் இதை வெளியிட்டிருந்தனர். ஆனாலும் 1942 ஜனவரி 23 அன்று மாண்ட்ரியலில் ஹரால்ட் கிரிஃபித்தும் ஈனிட் ஜான்சனும் மயக்கத்தில் இருந்த நோயாளிக்குக் குராரே செலுத்தினர். மயக்கத்தை ஆபத்தான அளவுக்கு ஆழமாக்காமலே வயிற்றுத் தசை தளர்ந்தது. அந்த வசதிக்காக எந்தப் பக்கவிளைவையும் பொறுத்துக்கொள்ளலாம் என்றே தோன்றியிருக்கும்.

விரைவில் குராரேயின் சாரமான டியூபோகுராரின் தனி மருந்தாகப் புழக்கத்துக்கு வந்தது. 1946இல் காம்ரோவும் டிரிப்ஸும் அதை மனிதத் தோலுக்குள் செலுத்தியபோது, ஹிஸ்டமின் செலுத்தினால் எழும் தடிப்பு போன்றே தடிப்பு எழுந்தது. நோயாளிகளிடம் முகம் சிவந்தது, இரத்த அழுத்தம் சரிந்தது. சிலருக்கு மூச்சுக்குழல் இறுகியது. அழுத்தம் சரிவதற்கு இந்த மருந்து நரம்பு முடிச்சுகளை அடைப்பதே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. மாஸ், ரோசோ, சவரேசி ஆகியோர் நோயாளிகளின் இரத்தத்தில் ஹிஸ்டமினை அளந்து 1981இல் அந்தக் கருத்தைத் திருத்தினர்: ஹிஸ்டமின் ஏற ஏற அழுத்தம் இறங்கியது.

இது வழக்கமான ஒவ்வாமை அன்று. ஒவ்வாமைக்கு உடல் முன்பே அப்பொருளை அறிந்து எதிர்ப்பொருள் உண்டாக்கியிருக்க வேண்டும்; இங்கோ முதல் ஊசியே போதும். ஹிஸ்டமின் மாஸ்ட் செல்கள் என்னும் நோயெதிர்ப்பு செல்களில் சேமிக்கப்பட்டிருப்பதை ரைலியும் வெஸ்டும் 1953இல் காட்டியிருந்தனர். மருந்து நேரடியாக அச்செல்களைத் தூண்டுகிறது. அளவும் செலுத்தும் வேகமும் கூடினால் விளைவும் கூடும்; ஆகவே மெதுவாகச் செலுத்துவது பழக்கமாயிற்று.

மருந்து செய்வோர் வேறு மூலக்கூறுகளைத் தேடினர். 1960களில் வந்த பான்குரோனியம் ஹிஸ்டமினை அதிகம் வெளியிடவில்லை, ஆனால் இதயத் துடிப்பைக் கூட்டியது. கிளாஸ்கோவில் ஸ்டென்லேக் குழு உருவாக்கிய அட்ராகுரியம், சிறுநீரகத்தையோ கல்லீரலையோ பெரிதும் நம்பாமல் தானே சிதைவதால் பெரும் வரவேற்பு பெற்றது. அதிக அளவில் அதுவும் ஹிஸ்டமினை வெளியிட்டது. அதன் பத்து வடிவங்களில் ஒன்றைப் பிரித்தெடுத்து 1990களில் சிஸ்அட்ராகுரியம் வந்தது. வீரியம் கூடுதல் என்பதால் குறைந்த அளவே போதும், ஹிஸ்டமின் தொல்லையும் மிகக் குறைவு. தசைத்தளர்வு மருந்துகளோடு கதை நிற்கவில்லை: மார்ஃபினும் ஹிஸ்டமினை வெளியிடும், ஃபென்டனில் அவ்வளவாக வெளியிடாது.

மாஸ்ட் செல்லில் இம்மருந்துகள் எங்கே பற்றுகின்றன என்பது 2015இல்தான் புலப்பட்டது. எம்ஆர்ஜிபிஆர்எக்ஸ்2 என்ற ஏற்பியே அந்த இடம். அதற்கு இணையான ஏற்பி நீக்கப்பட்ட எலிகளின் மாஸ்ட் செல்கள் இத்தகைய மருந்துகளுக்கு அசையவில்லை. டியூபோகுராரின் அதற்குள் அறுவை அரங்குகளிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டிருந்தது.