வேப் பேட்டரியில் பவர் பேங்க்: பிரித்துப் பார்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜொகூரில் 2016 ஜனவரி 1ஆம் தேதி முதல் வேப் விற்பனைக்குத் தடை இருக்கிறது. தடை இருந்தும் பொருள் வராமல் இல்லை. பயன்படுத்தித் தூக்கிப்போட்ட மின்சிகரெட்டுகள் கடைவீதிக் கால்வாய்களிலும் அடுக்குமாடி வீட்டு மாடிப்படிகளிலும் கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்கி உடைத்து, உள்ளே இருக்கும் பேட்டரியை எடுத்துப் பவர் பேங்க் செய்யும் ஆர்வம் நம் பையன்கள் சிலருக்கு வந்திருக்கிறது.

என் அக்காள் மகன் அப்படி ஒரு மைலோ டின் நிறையப் பேட்டரி வைத்திருந்தான். "மாமா, எல்லாம் நல்ல பேட்டரி, சும்மாதானே கிடக்கு" என்றான். அவன் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுவோம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப் கருவிக்குள் இருப்பது பெரும்பாலும் மின்னேற்றம் செய்யக்கூடிய லித்தியம் அயன் பேட்டரிதான். சராசரி 3.7 வோல்ட், நிறைந்தால் 4.2 வோல்ட். நூற்றுக்கணக்கான தடவை மின்னேற்றம் தாங்கக்கூடியது என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2023இல் சோதித்துக் காட்டினார்கள். அப்படிப்பட்ட பேட்டரியைச் சில நாளில் குப்பையில் போடுவது அநியாயம்தான். பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் இவ்வகைக் கருவிகளின் விற்பனையைத் தடை செய்ததற்குக் குப்பையும் ஒரு காரணம்.

சிக்கல் அந்தப் பேட்டரியைச் சுற்றி என்ன இல்லை என்பதில் இருக்கிறது. திறன்பேசிப் பேட்டரியின் தலைப்பகுதியில் ஒரு சின்னப் பாதுகாப்புப் பலகை உண்டு. அளவுக்கு மீறி ஏறினாலும் இறங்கினாலும் முனைகள் தொட்டுக்கொண்டாலும் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மலிவான வேப்பில் பல சமயம் அது தனியாக இருக்காது. உறிஞ்சும் காற்றை உணர்ந்து சுருளைச் சூடாக்கும் ஒரு சின்ன உணரி மட்டும் இருக்கும். பேட்டரியை வெட்டி எடுத்த பிறகு அதற்குக் காவல் யாருமில்லை. மைலோ டின்னில் மூடாத முனைகளோடு உருண்டு கிடந்தவையும் அப்படித்தான். டின் இரும்பு என்பதை அவன் யோசிக்கவில்லை.

இனி மின்னேற்றும் சுற்று. கடைகளிலும் இணையத்திலும் ஓரிரு ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் சின்னப் பலகையில் டிபி4056 என்ற சில்லு இருக்கும். முதலில் நிலையான மின்னோட்டத்தைக் கொடுத்து, பேட்டரி 4.2 வோல்ட்டைத் தொட்டதும் வோல்ட்டை அப்படியே பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தை மெல்லக் குறைக்கும். தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்குக்கு வந்ததும் நிறுத்திவிடும். நல்ல சில்லுதான். ஆனால் விற்கும்போது அதில் 1.2 கிலோ ஓம் மின்தடை பொருத்தி வரும். அதன் பொருள், 1 ஆம்பியர் மின்னோட்டம்.

வேப் பேட்டரியின் கொள்ளளவு 400 மில்லி ஆம்பியர் மணி என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 1 ஆம்பியர் கொடுப்பது அதன் கொள்ளளவைப் போல் இரண்டரை மடங்கு வேகம். இத்தகைய பேட்டரிக்குப் பாதி மடங்கு, அதாவது 200 மில்லி ஆம்பியர் அளவே நிதானமானது. அதே மின்தடையை 5 கிலோ ஓமாக மாற்றினால் சுமார் 250 மில்லி ஆம்பியர் வரும், 10 கிலோ ஓம் போட்டால் 130. இந்த ஒரு மின்தடையைத் தொடாமல் "சர்க்யூட் போட்டுத்தான் செய்தேன்" என்பவர்களே அதிகம். வேகமாகத் திணித்தால் லித்தியம் உள்ளே போய் அடங்க நேரமில்லாமல் மேற்பரப்பில் உலோகமாகப் படியும். இரண்டு முனைகளுக்கும் நடுவே உள்ள மெல்லிய பிரிப்புத்தாளை அது ஒருநாள் துளைக்கும். உள்ளேயே ஷார்ட் ஆகும். பிறகு சூடு தன்னைத்தானே கூட்டிக்கொண்டு போகும். எல்லாம் நடப்பது சில நொடிகளில்.

அந்தப் பலகையில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் மின்னேற்றும் சில்லு மட்டும். மற்றொன்றில் டிடபிள்யூ01 என்ற பாதுகாப்புச் சில்லும் சேர்ந்திருக்கும். பேட்டரி சுமார் 2.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது துண்டிக்கும். இந்த இரண்டாவது வகையிலும் ஒரு தவறு நடக்கிறது. பேட்டரிக்கு உரிய முனையிலேயே வெளிக்கம்பியையும் பற்றவைத்துவிடுகிறார்கள். வெளிச்செல்லும் முனை வேறு. பேட்டரி முனையில் இழுத்தால் பாதுகாப்புச் சில்லு சும்மா வேடிக்கை பார்க்கும்.

பத்துப் பேட்டரியைப் பக்கவாட்டில் இணைப்பது இன்னொரு கதை. ஒன்று 4.1 வோல்ட்டிலும் மற்றொன்று 3.2 வோல்ட்டிலும் இருக்கும்போது இரண்டையும் சேர்த்தால், நிறைந்தது குறைந்ததற்குள் தடையில்லாமல் கொட்டும். எல்லாவற்றையும் தனித்தனியே ஏற்றி, மீட்டர் வைத்து ஒரே வோல்ட் வந்த பிறகே சேர்க்க வேண்டும். வெகுநாள் கிடந்து 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதை உயிர்ப்பிக்கப் பார்க்கவே கூடாது, உள்ளே செம்பு கரைந்திருக்கலாம். தொழிற்சாலையில் நிக்கல் பட்டையைப் புள்ளிப் பற்றவைப்பால் ஒட்டுவதும் சூடு உள்ளே போகாமல் இருக்கத்தான். நாம் சோல்டரிங் அயனை நேராகப் பேட்டரி முனையில் வைத்து அழுத்துகிறோம்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் என்ன மிச்சம்? 400இல் பத்து, 4,000. 3.7ஆல் பெருக்கினால் 14.8 வாட் மணி. 5 வோல்ட்டுக்கு உயர்த்தும்போது இழப்பும் போக, சுமார் 2,500 மில்லி ஆம்பியர் மணி தேறும். இன்றைய 5,000 திறன்பேசியை ஒருமுறைகூட இது நிரப்பாது. கடையில் முறையாக விற்கும் பவர் பேங்கின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கற்றுக்கொள்வதற்காகச் செய்கிறேன் என்றால் புரிகிறது, காசு மிச்சம் என்றால் கணக்கு உதைக்கிறது.

எதிர்த்திசையிலும் ஒரு பழக்கம் உண்டு. பழைய மடிக்கணினிப் பேட்டரியைப் பிரித்து, 18650 என்னும் உருளையை எடுத்து வேப் கருவிக்குள் போடுவது. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதால் அந்தப் பெயர். அளவு பொருந்துகிறது, ஆனால் வேலை பொருந்தவில்லை. சுருளின் மின்தடை 0.2 ஓம் என்றால் 4.2 வோல்ட்டில் 21 ஆம்பியர் இழுக்கும். மடிக்கணினி உருளைகள் பலவும் 5 ஆம்பியர் அளவுக்கே செய்யப்பட்டவை. எந்தச் சுற்றும் இல்லாத, வெறும் குழாயும் பொத்தானும் கொண்ட மெக்கானிக்கல் வகையில் இதைத் தடுக்க ஒன்றுமே இல்லை. உறையில் 9,800 என்று அச்சிட்ட 18650 கிடைத்தால் வாங்கவே வேண்டாம். நல்ல நிறுவனங்களின் உருளை பொதுவாக 2,000 முதல் 3,600 வரைதான்.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 வரை ஊடகங்களில் வந்த மின்சிகரெட் தீ, வெடிப்புச் சம்பவங்கள் 195 என்று கணக்கிட்டது. 133 சம்பவங்களில் காயம். பெரும்பகுதி சட்டைப்பையில் இருந்தபோதோ பயன்படுத்தும்போதோ நடந்தவை. உதிரிப் பேட்டரியைச் சாவியோடும் சில்லறையோடும் பையில் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 18650இன் தலைப்பொட்டு மட்டும்தான் நேர்முனை, மேலுறை கிழிந்தால் உடல் முழுவதும் எதிர்முனை.

ஜொகூர் பாருவில் இருப்பவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூர் போகிறவர்கள், வேப் கூட்டோடு இருக்கும் எதையும் பையில் வைக்க வேண்டாம். அங்கே 2018 பிப்ரவரி 1 முதல் வைத்திருப்பதே குற்றம், 2025 செப்டம்பர் முதல் நடவடிக்கை இன்னும் கடுமை. "பேட்டரிக்காகத்தான்" என்ற விளக்கத்தைச் சோதனைச் சாவடியில் கேட்க ஆளில்லை. செனாயில் விமானம் ஏறுகிறவர்கள் பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், பொதுவான வரம்பு 100 வாட் மணி. அளவு அச்சிடப்படாத, வீட்டில் செய்த ஒன்றை ஏற்க மறுத்தால் வாதாட முடியாது. நம் நாட்டிலோ 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள 852ஆவது சட்டத்தின்படி 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேப் விற்பதே குற்றம். ஆகவே பள்ளிப் பிள்ளையின் மேசையில் பேட்டரிகள் இருந்தால், அவை எங்கிருந்து வந்தன என்று ஒருமுறை அமைதியாகக் கேளுங்கள்.

தோட்டத்துப் பலகை வீடாகட்டும், அடுக்குமாடியாகட்டும், மெத்தைமேல் வைத்து இரவெல்லாம் மின்னேற்றும் பழக்கம் வேண்டாம். பாசிர் கூடாங்கில் இரவு வேலைக்குப் போகிறவர் செருகிவிட்டுப் போனால் வீட்டில் தூங்குகிறவர்களுக்குத்தான் ஆபத்து. சிமெண்டுத் தரையில், ஆள் பார்க்கும் நேரத்தில் ஏற்றுங்கள். பேட்டரி உப்பினால், இனிப்பு கலந்த மருந்து நெடி வந்தால், குத்தவும் அழுத்தவும் கூடாது. தொடும் நிலையில் இருந்தால் வெளியே மணல்மீது வைத்துவிடுங்கள். புகை கிளம்பிவிட்டால் அதைத் தூக்க வேண்டாம், வீட்டாரை வெளியேற்றி 999ஐ அழையுங்கள்.

என் அக்காள் மகனின் பேட்டரிகளுக்கு ஒவ்வொரு முனையிலும் ஒட்டுநாடா ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கினோம். வீட்டுக் குப்பையில் போட்டால் லாரி அழுத்தும்போது தீப்பிடிக்கும். சுற்றுச்சூழல் துறை அங்கீகரித்த மின்கழிவுச் சேகரிப்பு மையத்தில் கொடுப்பதே முறை. ஐந்து பேட்டரி மட்டும் மீட்டரில் தேறின. 5 கிலோ ஓம் மின்தடையும் பாதுகாப்புப் பலகையும் போட்டு, ஆளுக்கொன்றாகத் தனித்தனியே சின்னச் சின்ன எல்இடி விளக்கு செய்துகொண்டிருக்கிறான்.