பட்டா இல்லாதவருக்குப் பயிர்ச்சேதம் இல்லையா?

ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் "விவசாயிகளுக்கு நிவாரணம்" என்று அறிவிப்பு வருகிறது. யார் அந்த விவசாயி? கிராம நிர்வாக அலுவலரின் கணக்கில், பட்டாவிலும் அடங்கலிலும் பெயர் உள்ளவர். அமிர்தி அடிவாரத்தில் அந்த நிலத்தில் களை எடுத்து, கடலை பிடுங்கும் காலனிப் பெண்ணின் பெயர் அந்தக் கணக்கில் இல்லை. பயிர் அழுகினால் அவருக்கும் வேலை போகிறது. ஆனால் கணக்கெடுப்பு வரப்போடு நின்றுவிடுகிறது.

இந்தப் பிரிவினை நேற்று வந்ததல்ல. 1876-78 பெரும் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் கடுமையாக அடிபட்ட பகுதிகளில் வட ஆர்க்காடும் ஒன்று. பட்டாதாரருக்குத் தீர்வை வஜா, அதாவது நிலவரித் தள்ளுபடி கிடைத்தது. வரி கட்ட நிலமே இல்லாத பண்ணையாளுக்கு எதைத் தள்ளுபடி செய்வது? அவருக்குக் கிடைத்தது நிவாரண முகாமில் மண் வெட்டும் வேலை. 1877-இல் ரிச்சர்டு டெம்பிள் நிர்ணயித்த கூலியில் ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்குத் தானியம் ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் அளவுதான். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷே இதை எதிர்த்தார்.

அப்படியானால் பட்டா ஏன் நம்மிடம் இல்லை? 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கைக்குப் பிறகு, 1892-இல் பஞ்சமி நிலம் வழங்க அரசாணை வந்தது. பிற சாதியாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. இருந்தும் நிலம் கைமாறியது. அதை மீட்கப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994-இல் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் பலியானார்கள். ஆக, நிவாரணத்துக்குக் கேட்கப்படும் காகிதம் சாதி எழுதிய காகிதம்.

நம் தோல் பகுதியின் பேரிடர் வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிருக்கு உதவாமல் போனதை 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பதிவு செய்தது. 2001-இல் இழப்பீட்டு ஆணையம் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் நிர்ணயித்தது. இன்னும் கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்தில் கொடுங்கள் என்று 2025 ஜனவரியிலும் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. பெயர் எழுதப்பட்டவர்களுக்கே இவ்வளவு இழுபறி. பாழான அந்த ஹெக்டேர்களில் கூலி வேலை செய்தவர்கள் எத்தனை பேர் என்பதை எந்த ஹெக்டேர் கணக்கும் சொல்லாது.

சிறு விவசாயிக்கு வரும் பணத்தை நாம் எதிர்க்கவில்லை. மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிப்படி, 33 சதவீதத்துக்கு மேல் பயிர் சேதமானால் மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், பாசன நிலத்துக்கு 17,000 ரூபாய். அதுவே போதாது. ஆனால் அதே விதிகளில், வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு உடனடி உதவித்தொகை தரவும் வழி இருக்கிறது. அதைக் கேட்க பட்டா தேவையில்லை, பாதிப்பை அரசு ஏற்க வேண்டும்.

எனவே அடுத்த மழைக்கு முன் நாம் செய்ய வேண்டியவை மூன்று. ஒவ்வொரு காலனியிலும் கூலிக் குடும்பங்களின் பட்டியலை எடுப்போம். வேலை இழந்த நாள்களைத் தேதியோடு குறிப்போம். குத்தகைக்குப் பயிரிடுபவர்களை 1969-ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்ய வைப்போம். கணக்கெடுக்க அதிகாரி வரும்போது, வரப்பில் நிற்கும் பயிரோடு நம் பட்டியலும் அவர் கைக்குப் போக வேண்டும்.