ஈமெயில் முகவரியில் ஓர் எழுத்து பிசகினால், ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?

கெடாவிலும் ஒரு செர்டாங் இருக்கிறது, சிலாங்கூரிலும் இருக்கிறது. கடிதம் என்றால் கவலை இல்லை. 09800 என்ற அஞ்சல் குறியீட்டைப் பார்த்ததும் கெடாவின் பண்டார் பாரு மாவட்டத்துக்கு வந்துவிடும். ஈமெயிலுக்கு அப்படியொரு தபால்காரர் கிடையாது. என்ன எழுதியிருக்கோ, அங்கேதான் போகும்.

நம்மவர் பெயர்களில் இந்தச் சிக்கல் கொஞ்சம் அதிகம். லெட்சுமி, முனியாண்டி என்று ரோமன் எழுத்தில் எழுதும்போது கடைசி எழுத்து ‘ஐ’யா, ‘ஒய்’யா? பிறப்புப் பத்திரத்தில் அன்றைக்குப் பதிந்தவர் எழுதியதுதான் கணக்கு. கையால் நிரப்பிய பாரத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்பவரோ தமக்குப் பழக்கமான மாதிரி அடித்துவிடுகிறார். நேர்முகத் தேர்வு அழைப்பு, உபகாரச் சம்பளக் கடிதம் எல்லாம் தவறிப்போவது இப்படித்தான்.

அனுப்பியவர் முதலில் பார்க்க வேண்டியது, ‘போய்ச் சேரவில்லை’ என்று தானாகத் திரும்பி வரும் அறிவிப்பை. அதில் 550 என்ற எண் இருந்தால், பெரும்பாலும் அப்படியொரு முகவரியே இல்லை என்று பொருள். @ குறிக்குப் பின்னால் தவறு என்றால், சர்வர் சில நாள் முயன்ற பிறகும் தகவல் வரலாம். இதைவிட மோசம், ஒன்றுமே திரும்பி வராதது. சேர்ந்துவிட்டது என்று நினைத்திருப்போம். மடல் வேறொரு லெட்சுமியின் பெட்டியில் கிடக்கும். (ஜிமெயிலில் புள்ளி விட்டுப்போனால் பரவாயில்லை, அது புள்ளியைக் கணக்கில் எடுப்பதில்லை.)

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்க இராணுவ முகவரிகள் ‘டாட் மில்’ என முடியும். நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போனால் அது மாலி நாட்டின் ‘டாட் எம்எல்’. அந்த டொமைனை நிர்வகித்த நெதர்லாந்துக்காரர் யொஹானஸ் ஸூர்பியரிடம் 2023-இல் சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 117,000 மடல்கள் சேர்ந்துவிட்டன. மருத்துவ விவரங்கள், கப்பல் பணியாளர் பட்டியல், ஒரு ஜெனரலின் பயண ஏற்பாடுகூட அவற்றில் இருந்தன.

சரி, ஆளைப் பிடிப்பது எப்படி? ஊகித்து நாலைந்து முகவரிக்கு அனுப்பிப் பார்ப்பதுதான் பலர் செய்வது. செய்யக் கூடாததும் அதுவே. ஒருவரின் ஐசி எண் நாலு அந்நியர் கைக்குப் போய்விடும். அசல் பாரத்தை எடுத்து, அதிலுள்ள கைப்பேசிக்கு அழையுங்கள். எண் மாறியிருந்தால் அவசரத் தொடர்புக்குக் கொடுத்த பெற்றோர் எண், அதற்கடுத்து பதிவுத் தபால். தோட்டம் கைமாறி குடும்பம் டவுனுக்குப் போயிருந்தால் பழைய லயத்து முகவரி உதவாது. அப்போது தோட்டத்துக் கோயில் நிர்வாகத்திடமோ தமிழ்ப்பள்ளியிலோ கேட்கலாம். விஷயத்தைச் சொல்லாமல், ‘எங்களை அழைக்கச் சொல்லுங்கள்’ என்பது மட்டும் போதும்.

பதிலுக்குக் காத்திருப்பவர் நீங்களா? அலுவலகத்துக்கு அழைத்து, அவர்களிடம் பதிவாகியுள்ள முகவரியை எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொல்லுங்கள்.