பனிமலை ஏறிய புனிதர்

சறுக்குப் பலகையின் அடியில் தோல்பட்டை பூட்டி, பாதையற்ற பனிச்சரிவில் மணிக்கணக்கில் ஏறி, நிமிடங்களில் சறுக்கி இறங்குவது ஆல்ப்ஸ் மலைநாட்டு இளைஞரின் பழைய வழக்கம்.

இத்தாலியின் துரின் நகரத்துப் பியர் ஜியோர்ஜியோ பிரசாத்தி (1901–1925) பனிச்சறுக்கிலும் மலையேற்றத்திலும் பெருவிருப்புக் கொண்டவர். 1924-இல் தம் மலைத்தோழர் குழுவுக்குப் 'போக்கிரிகள் சங்கம்' என வேடிக்கையாகப் பெயரிட்டார். மலைப்பயணத்திற்காக அவர் ஞாயிறு திருப்பலியை விட்டுவிடவில்லை. 1918 முதல் வின்சென்ட் தே பவுல் சபை உறுப்பினராய் ஏழைகளின் இல்லங்களை நாடிச் சென்றார்.

இளம்பிள்ளை வாதத்தால் 24-ஆம் வயதில் மறைந்தார். இறுதி ஊர்வலத்தில் திரண்ட ஏழைகளைக் கண்ட பின்னரே குடும்பத்தார் அவரது தொண்டின் அளவை உணர்ந்தனர். 2025 செப்டம்பர் 7-இல் திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார்.

இளைஞரின் விளையாட்டைக் குறையாகவே காணும் நாம், அவர்களை நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபைக்கு அழைத்திருக்கிறோமா?