பெரட்டுத் தப்பும் இரவின் குருதியமுக்கமும்

மலையகத் தோட்டங்களின் வரலாற்றை ஆராய்ந்தோர் கூலியையும் குடியுரிமையையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். தொழிலாளர் எத்தனை மணிக்கு உறங்கி எத்தனை மணிக்கு எழுந்தனர் என்னும் வினாவோ அத்துணை கவனம் பெறவில்லை. குருதியமுக்கத்தை அளக்கும் முறையிற் கடந்த அரை நூற்றாண்டில் நேர்ந்த மாற்றம், அவ்வினாவை மருத்துவத்துக்கும் உரிய வினாவாக ஆக்கியுள்ளது.

தோட்டத்து மருத்துவம், தொழிலாளியை வேலைக்கு உதவுபவராக வைத்திருக்கும் நோக்குடன் தோன்றியது எனலாம். கோப்பித் தோட்டங்களை மருத்துவ மாவட்டங்களாக வகுத்த 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும், 1916இல் றொக்பெல்லர் அமைப்பின் துணையோடு தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கமும் வேலையை முடக்கும் நோய்களையே முன்னிறுத்தின. காய்ச்சலும் வயிற்றோட்டமும் பெரட்டுக்களத்திலேயே தெரிந்துவிடும். உயர் குருதியமுக்கமோ பல ஆண்டுகள் எந்த அறிகுறியுமின்றி உடலில் இருக்கக்கூடியது. அதனையுடையவர் கூடை சுமந்து மலையேறுவார். அவரது பேர் செக்ரோலில் முழுமையாகவே விழும்.

கைப்பட்டியையும் செவிக்குழாயையும் கொண்டு குருதியமுக்கத்தை அளக்கும் முறையை ரஷ்ய மருத்துவர் கொரொட்கொவ் 1905இல் வெளியிட்டார். அது பகலில், மருத்துவர் முன்னிலையில், ஒரு கணத்தில் பெறப்படும் அளவாகும். நாடிக்குள் நுண்குழாய் செலுத்தி நாள் முழுவதும் அளந்து, ஒக்ஸ்போர்டில் பெவனும் துணைவரும் 1969இல் வெளியிட்ட ஆய்வு, உறக்கத்தில் அமுக்கம் பெரிதும் தாழ்வதைத் தெளிவுறக் காட்டியது. நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை தாழ்வது இயல்பு எனவும், அவ்வாறு தாழாதோர்க்குப் பக்கவாத அபாயம் மிகுதி எனவும் பின்னர் அறியப்பட்டது. நாள் முழுவதும் அணியத்தக்க தானியங்கிக் கைப்பட்டிகள் பரவியபின், இரவின் அமுக்கமே வருங்கால நோயைப் பகலளவினும் நன்கு முன்னறிவிக்கின்றது என்பதும் உறுதியாயிற்று.

ஆயின் இரவு என்பது எது? அளக்கப்படுவோரின் குறிப்பேடு கிடைக்காவிடத்து, ஒரு மணி முதல் ஆறு மணி வரையுள்ள பொழுதை இரவெனக் கொள்வது மருத்துவ வழிகாட்டிகள் கூறும் வழிகளுள் ஒன்றாகும். நகரத்து அலுவலர்க்கு இது பொருந்தலாம். நுவரெலியா, அட்டன் பகுதிகளின் தோட்டங்களிலோ, லயத்தில் மணிக்கூடு இல்லாத காலத்திலேயே விடியுமுன் பெரட்டுத் தப்பு அடிக்கப்பட்டது. பின்னர் தப்பின் இடத்தைக் கொம்பும் சங்கும் பிடித்தனவெனினும் பொழுது மாறவில்லை. பெரட்டுக்கு முன் அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, நீர் கொணர்ந்து, கைக்குழந்தையைப் பிள்ளைமடுவத்துக்கு ஆயத்தப்படுத்த வேண்டிய பெண் நான்கு மணியளவில் எழுவது வழமை. 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி வந்தது. அடுப்பங்கரை வேலை பங்கிடப்படவில்லை. தொழிற்சாலையில் இரவு முறையில் கொழுந்து அரைப்போர்க்கு இரவென்பதே பகலில்தான் வரும்.

இதன் விளைவைக் கணக்கிட்டு நோக்கலாம். விழிப்பில் 130உம் உறக்கத்தில் 110உம் மேலமுக்கமாகவுள்ள ஒரு பெண்ணைக் கருதுக. அவரது உண்மையான தாழ்வு நூற்றுக்குப் பதினைந்துக்குச் சற்று மேல். ஒரு மணி முதல் ஆறு வரை அரைமணிக்கொரு முறை அளந்தால் பத்து அளவுகள் கிடைக்கும். அவற்றுள் நான்கு அடுப்படியில் எடுக்கப்பட்டவை. சராசரி 118 ஆகும்; தாழ்வு ஒன்பதாகச் சுருங்கும். அவர் தாழாதோர் பட்டியலிற் சேர்க்கப்படுவார். நோய் அவர் உடலிலன்று, அளந்தோரின் மணிக்கூட்டிலேயே இருந்தது.

மணிக்கட்டில் அணியும் உறக்கப் பதிவுக் கருவி இவ்விடத்தே பயன்படுகின்றது. கையின் அசைவையும், தோலில் ஒளிபாய்ச்சி அறியும் நாடித்துடிப்பையும் கொண்டு, உறங்கிய நேரத்தையும் விழித்த நேரத்தையும் அது குறிக்கும். கைப்பட்டியின் அளவுகளை அந்நேரங்களோடு பொருத்தினால் உறக்கத்துக்குரியவை தனியே பிரியும். அதன் வரம்பையும் கூறுதல் வேண்டும். அசையாது விழித்துக் கிடப்பதை அது பெரும்பாலும் உறக்கமென்றே கொள்ளும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பமே படுத்திருக்க, ஒருவரின் இருமலால் எல்லாரும் விழிப்பது அதற்குத் தெரியாமற் போகலாம். கைப்பட்டியின்றிக் கைக்கடிகாரமே அமுக்கத்தையும் கூறும் என்னும் விளம்பரங்கள் பல உள. நோயை நிர்ணயிக்க அவற்றை நம்பலாகாதென ஐரோப்பிய உயர் குருதியமுக்கச் சங்கம் 2023இன் வழிகாட்டியில் கூறியுள்ளது.

2011 முதல் இலங்கையில் இயங்கிவரும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் குருதியமுக்கம் இலவசமாக அளக்கப்படுகின்றது. அங்கு செல்லும் கொழுந்துக்காரி, அன்றைய பேரை இழந்தே செல்ல நேர்கின்றது. கருவி கிட்டாவிடினும், இரவளவு எடுக்கப்படுபவரிடம் படுத்த நேரத்தையும் அடுப்பு மூட்டிய நேரத்தையும் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு தாளும் பென்சிலும் போதும். தோட்டத்து மருந்துச்சாலை ஏடுகளில் ஒன்றரை நூற்றாண்டாக நோயின் பெயரும் மருந்தின் பெயரும் எழுதப்பட்டு வந்தன; இந்த இரண்டு நேரங்களுக்கு அவற்றில் நிரல் இருந்ததில்லை.