மலைநாட்டுச் சிற்றோவியங்கள்



கையகலக் கடதாசியில் தீட்டப்பட்ட இந்தியச் சிற்றோவியங்கள் பலவற்றை ஒரு காலத்தில் மொகலாயக் கலையின் கிளையென்றே அறிஞர் பலர் கருதினர். அக்கருத்தை மாற்றியவர் 1877இல் கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி. 1916இல் வெளிவந்த ‘இராசபுத்திர ஓவியம்’ என்னும் ஆங்கில நூலிலே அவர் இராசபுத்திரக் கலையைத் தனியே பிரித்து, ராஜஸ்தானி, பஹாரி என இரண்டாக வகுத்தார். மேவார், பூந்தி முதலியன முன்னதன்பாற்படும். இமயமலைச் சாரலிலுள்ள பசோலி, குலேர், காங்ரா என்பன பின்னதன்பாற்படும்.

பசோலியிலே மஞ்சளும் சிவப்பும் கண்ணைப் பறிக்கும். மரகதத்துக்குப் பதிலாக வண்டின் சிறகுத் துண்டுகளை ஒட்டியிருப்பர். காங்ராவிலோ கோடு மென்மையாகிறது. கண்ணனும் ராதையும் நிலவிலே நிற்கின்றனர்.

மொகலாய ஓவியம் கண்டதைக் காட்டுவது, இராசபுத்திர ஓவியம் பாவத்தைக் காட்டுவது என்ற பாகுபாட்டை முற்றாக ஏற்க என் மனம் ஒப்பவில்லை. குலேர் ஓவியன் நைன்சுக், தன் தலைவன் பல்வந்த் சிங் தாடி திருத்துவிக்கும் காட்சியையும் தீட்டினான். அங்கே இரு மரபும் கலந்துள்ளன.

மலைநாட்டு ஓவியர் பெரும்பாலும் பெயர் பொறிக்கவில்லை. ஆய்வாளர் பி. என். கோஸ்வாமி, ஹரித்துவாரில் பண்டாக்கள் பேணிய யாத்திரிகர் பதிவேடுகளைத் துருவி, பாணி என்பது அரசுக்கன்றிக் குடும்பத்துக்கே உரியது என 1968இல் நிறுவினார். அப்பதிவேடொன்றிலே, 1763இல் நைன்சுக் தன் கைப்படக் குறிப்பெழுதிச் சிறு சித்திரமும் வரைந்திருக்கிறான். தந்தை பண்டித் சேயு, தமையன் மானக்கு ஆகியோரும் இன்று அறியப்பட்டோராயினர்.

பெயர் தெரியாப் புலவரைச் செம்புலப் பெயனீரார் என்று அவர் தம் பாட்டாலேயே அழைத்த மரபு நம்முடையது. கலைஞனின் பெயரைத் தேடியெடுப்பதும் கலை வரலாற்றின் கடமையே.