மாணிக்கமும் லாலும்: பிழை யாருடையது?

மாதுங்காவிலிருந்தோ செம்பூரிலிருந்தோ மோதிரத்திற்குக் கல் தேடி ஜவேரி பஜார் செல்லும் தமிழர் சிவந்த மணியை மாணிக்கம் என்றே கேட்பர். அவ்வணிகத்திலோ இன்னொரு சிவந்த மணிக்கு ‘லால்’ என்னும் தனிப்பெயர் உண்டு. கனிமவியல் அதனை ஸ்பினல் என்கிறது. இவ்விரண்டையும் உலகம் நெடுங்காலம் ஒன்றெனவே கருதியது என்றும், 1783-இல் பிரெஞ்சு அறிஞர் ரோமே த லீல் படிக வடிவத்தைக் கொண்டு முதன்முதலில் பிரித்தறிந்தார் என்றும் நூல்கள் கூறுவது வழக்கம். இக்கூற்று மறுபரிசீலனைக்குரியது.

முதலில் இரண்டின் இயல்புகளை ஒப்பிடலாம். மாணிக்கம் அலுமினியம் ஆக்சைடு. ஸ்பினலில் அலுமினியத்தோடு மக்னீசியமும் சேர்ந்துள்ளது. இரண்டிற்கும் செந்நிறம் தருவது சிறிதளவு குரோமியமே. மியான்மரின் மோகோக்கிலும் இலங்கையின் இரத்தினபுரியிலும் இவை அருகருகே கிடைக்கின்றன. கண் ஏமாறுவது இயல்பே. ஆயினும் மோஸ் அளவுகோலில் மாணிக்கத்தின் கடினத்தன்மை 9, ஸ்பினலுக்கு 8. ஒப்படர்த்தி முறையே ஏறத்தாழ 4.00, 3.60. மாணிக்கத்தினுள் புகும் ஒளிக்கதிர் இரண்டாகப் பிரிவதால் அதற்கு 1.762, 1.770 என இரு ஒளிவிலகல் எண்கள் உண்டு. திசை மாற்றிப் பார்த்தால் நிறமும் சிறிது மாறும். கனசதுரப் படிக அமைப்புடைய ஸ்பினலில் கதிர் பிரிவதில்லை. அதன் ஒளிவிலகல் எண் ஒன்றே, ஏறத்தாழ 1.718; எத்திசையில் நோக்கினும் நிறம் மாறாது.

ஒளியியல் கருவிகள் தோன்றுவதற்கு முன்பே இவ்வேறுபாடு அளக்கப்பட்டிருந்தது. 11-ஆம் நூற்றாண்டில் அல்-பிரூனி, சம கனஅளவுள்ள மணிகளின் எடையை நீரின் துணைகொண்டு ஒப்பிட்டார். நீல யாகூத்தின் எடையை 100 எனக் கொண்டால், சிவப்பு யாகூத்தாகிய மாணிக்கம் 97-ஐச் சற்றே கடந்தது. பதக்‌ஷான் நாட்டு லால் 90-ஐ ஒட்டி நின்றது. இன்றைய 3.60-ஐ 4.00-ஆல் வகுத்தாலும் அந்த 90 விழுக்காடே கிடைக்கிறது. முகலாய அரசவையின் பாரசீக மொழியிலும் யாகூத் வேறு, லால் வேறு. லாலை அவர்கள் அறிந்தே விரும்பினர்.

அவ்வாறு விரும்பப்பட்ட ஒன்றே ‘தைமூர் மாணிக்கம்’ எனப்படும் 352 காரட் ஸ்பினல். ஜஹாங்கீர் முதல் அகமது ஷா துரானி வரையிலான அரசர் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. 1849-இல் லாகூர் கருவூலம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது அதுவும் உடன் வந்தது; 1851-இல் விக்டோரியா அரசியைச் சென்றடைந்தது. நாதிர் ஷாவைக் குறிக்கும் ‘சாஹிப் கிரான்’ என்ற பட்டம் தைமூரைக் குறிப்பதாகப் பிற்காலத்தில் கொள்ளப்பட்டது. பொறிப்பில் ‘லால்’ என்றிருந்த சொல்லோ ஆங்கிலத்தில் மாணிக்கமாயிற்று. ஆக, அக்கல் தைமூருடையதும் அன்று, மாணிக்கமும் அன்று. பிழை மணியை அறிந்தவர்களுடையதன்று, மொழிபெயர்ப்பினுடையது.

தமிழ் மரபு வேறொரு வழியில் சென்றது. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடைத் தெருவைக் காட்டுமிடத்தில் பதுமம், நீலம், விந்தம், படிதம் எனச் செம்மணியின் சாதிகளைச் சுட்டுகிறது. விந்தம் என்பது குருவிந்தம். இவ்வகைமையில் முதலிடம் பெறுவது நிறச்சாயல். ஆகவே ஒவ்வொரு பெயரையும் இன்றைய ஒரு கனிமத்தோடு பொருத்த முயல்வது முறையாகாது. ஆயினும் வரலாறு ஒரு திருப்பத்தை வைத்திருந்தது. குருவிந்தத்தோடு உறவுடைய ‘குருந்தம்’ என்னும் தமிழ்ச்சொல், பட்டை தீட்டப் பயன்பட்ட கடுங்கல்லின் பெயராக ஐரோப்பா சென்றது. 1798-இல் சார்லஸ் கிரெவில் ஆசியக் கொரண்டம் கல்லைப் பற்றி இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். அவருடைய சேகரிப்பை ஆராய்ந்த பூர்னோன் 1802-இல் மாணிக்கமும் நீலமும் கொரண்டத்தின் வகைகளே என விளக்கினார்.

மாணிக்கத்தையும் நீலத்தையும் ஒரே இனமாக்கி, ஸ்பினலை வெளியே நிறுத்தும் அறிவியல் பெயர் இவ்வாறு தமிழ்நாட்டுச் சாணைக்கல்லின் பெயராக அமைந்தது. லாலைப் பிரித்தறிந்தவர் பெயரும், குருந்தத்திற்குப் பெயரிட்டவர் மொழியும் 1783-இல் தொடங்கும் வரலாற்றில் இடம்பெறுவதில்லை. அறிவியல் வரலாற்றை எழுதுவோர் கல்லைச் சோதிப்பதோடு, கல்லின் மீதிருக்கும் சொல்லையும் சோதித்தல் வேண்டும்.